அரைப் போத்தல்

டிசம்பர் பிறந்துவிட்டால் லரீபாவின் குசினி ஜன்னல் பலகையில் எண்ணெய் தானாக வெள்ளையாகிவிடும். முந்தின நாள் அந்தியில் தண்ணீர் போலத் தெளிந்து நின்றது, சுபஹுத் தொழுகைக்கு எழுந்து பார்க்கும்போது மெழுகாக இறுகிக் கிடக்கும். போத்தலைத் தலைகீழாகப் பிடித்தாலும் நகராது. தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் எண்ணெய் வாங்கும்போது செய்வதும் அதைத்தான். முந்தானை முடிச்சை அவிழ்ப்பதற்கு முன் போத்தலைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அசைந்தால் ரப்பர்க் கொட்டை எண்ணெயோ வேறு எந்தக் கண்றாவியோ கலந்திருக்கிறது. அசையாவிட்டால் சுத்தம். நமுனுகுல மலைக் குளிரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

பசறை பஜாரில் அவள் புருஷன் லத்தீபின் பலசரக்குக் கடைக்குப் பின்னால்தான் அவள் சமைக்கும் அந்தக் குசினி. கடை முன்வாசல் ஆண்களுக்கு. பெண்கள் பக்கத்து ஒழுங்கையால் இறங்கி, குசினிக் கதவுக்கு வருவார்கள். கடையில் பீப்பா நிறையக் கொப்பரா எண்ணெய் இருந்தது. கறிக்கும் விளக்குக்கும் அதைத்தான் வாங்கினார்கள். பச்சைப் பிள்ளையின் உடம்புக்கும் உச்சிக்கும், பிள்ளை பெற்றவளின் இடுப்புக்கும் மட்டும் லரீபா தேங்காய்ப் பாலில் காய்ச்சிய எண்ணெய். தோட்டத்துப் பெண்கள் லரீபாவை உம்மா என்று கூப்பிடுவதால் அதற்கு ‘உம்மா எண்ணெய்’ என்று பெயர். அந்தக் கடையில் அரிசி லத்தீபுடையது, கருவாடு லத்தீபுடையது, தராசும் படிக்கல்லும் லத்தீபுடையவை. இந்த எண்ணெய் ஒன்றுக்குத்தான் அவளுடைய பெயர்.

எண்ணெய் காய்ச்சுவது ஒரு நாள் வேலை. நன்றாக முற்றிய தேங்காயாகப் பார்த்து, காதருகே ஆட்டித் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எடுக்க வேண்டும். முளை விட்டது ஆகாது, அழுகல் வாடை ஒன்றில் இருந்தாலும் அத்தனையும் கெட்டது. திருவலையில் குந்தித் துருவத் தொடங்கினால் பத்தாவது காய்க்கு முதுகு சொல்லும். பிழிந்த பாலைத் தாச்சியில் ஊற்றி, இறைவன் பெயரில் பிஸ்மி சொல்லி அடுப்பு மூட்டி, அகப்பையை எடுக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பொங்கும், பிறகு திரியும், பிறகு சடசடவென்று பேசும். அந்தப் பேச்சு அடங்குகிற நேரம்தான் நேரம். தண்ணீர் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். கசடு பொன்னிறமாகி அடியில் படியும். அதற்குப் பிறகு ஒரு நிமிடம் பிந்தினாலும் எண்ணெய் கருகல் வாசம் அடிக்கும். பன்னிரண்டு காய்க்கு ஒரு போத்தல் கிடைத்தால் அந்தக் காய் நல்ல காய்.

“பீப்பா நிறைய எண்ணெய வச்சிக்கொண்டு இந்தப் பொம்புள தேங்காயோட மல்லுக்கட்டுறா” என்று லத்தீப் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அதில் கோபமில்லை. ஒருநாள் இது நின்றுபோனாலும் அவருக்கு ஒன்றுமில்லை என்பது மட்டும் அந்தச் சிரிப்பில் இருந்தது. லரீபாவுக்கு அது விளங்கும்.

எழுபத்து நாலாம் ஆண்டு அது. பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்ற காலம். தேங்காய் வருவதே கஷ்டம், வந்தாலும் கீழ்நாட்டிலிருந்து லொறியில் வர வேண்டும். டிசம்பர் முதல் கிழமை மழையில் பதுளை ரோட்டில் மண் சரிந்து லொறி நின்றுபோனது. லரீபாவின் கையில் பதினெட்டுக் காய்கள்தான் இருந்தன. இரண்டு பேர் சொல்லி வைத்திருந்தார்கள், இரண்டும் ஒரே தோட்டம். ஒருத்தி ரெங்கம்மா, கங்காணி பெண்சாதி. அவளுடைய தங்கச்சி இராக்கம்மா பிள்ளைப்பேற்றுக்கு அவளுடைய லயத்து வரிசைவீட்டுக் காம்பராவுக்கு வந்து, பிள்ளையும் பெற்றிருந்தாள். மற்றவள் நல்லம்மா, கொழுந்து பறிக்கிறவள். இரண்டு பிள்ளைகளைப் பெற்று மண்ணுக்குக் கொடுத்தவள். மூன்றாவதாகப் பிறந்த பெண் பிள்ளை இருபது நாளாக மூச்சோடு இருந்தது. “இந்தத் தடவை உங்க எண்ணெயத்தான் தடவணும் உம்மா” என்று மாசமாக இருந்தபோதே சொல்லி வைத்துப் போனவள்.

காய்ச்சி இறக்கியபோது ஒன்றரைப் போத்தல் வந்தது.

லரீபா அந்த அரைப் போத்தலை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்லி ஒருத்தியைத் திருப்பி அனுப்பினால், பஸ்ஸுக்குக் காசு கொடுத்து மழையில் இறங்கி வந்தவள் என்ன பேசுவாள்? உம்மா எண்ணெய் கிடைக்கவில்லை என்றால் வேறு எண்ணெய் தடவுவாள். தடவிப் பழகினால் அடுத்த முறை இந்த ஒழுங்கைக்கு வரமாட்டாள். லத்தீப் சிரிப்பார். இதையெல்லாம் அவள் வரிசையாக நினைத்ததாகச் சொல்ல முடியாது. கை முந்திக்கொண்டது. கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துப் பீப்பாவிலிருந்து அரைப் போத்தல் கொப்பரா எண்ணெயைப் பிடித்து வந்து, சூடாக்கி, ஒரு பிடி கசடையும் போட்டு வாசம் ஏற்றி, வடித்து ஊற்றினாள். பிஸ்மி சொல்லவில்லை. மறந்துபோனது இல்லை.

காலையில் இரண்டு போத்தலும் ஒரே வெள்ளையில் உறைந்து நின்றன. எது எது என்று அவள் கண்ணுக்கே பிடிபடவில்லை. அடையாளத்துக்குக் கலந்த போத்தலின் கழுத்தில் நூல் கட்டியிருந்தாள். எண்ணெய் உறைந்தால் வாசமும் உள்ளுக்குள் அடங்கிவிடும். கவிழ்த்துப் பார்த்துத் திருப்தியானவள் மோந்து பார்ப்பதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெங்கம்மா வந்து போத்தலைக் கவிழ்த்தாள், குலுக்கினாள், வெளிச்சத்தில் பிடித்தாள், ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். நூல் கட்டாத போத்தல் அது. நல்லம்மா பின்னேரம் நனைந்துகொண்டு வந்தாள். வாங்கி, பார்க்காமலே மடியில் கட்டிக்கொண்டு, “பஸ்சு போயிரும் உம்மா” என்று ஓடினாள். நூல் கட்டிய போத்தல்.

அன்று முழுக்க லரீபாவை உறுத்தியது கலந்தது இல்லை. யாருக்கு எதைக் கொடுப்பது என்று தான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை என்பதுதான்.

அடுத்த ஞாயிறு வெயில் லேசாகத் தலை காட்டியது. கிழமை நடுவில் லொறி வந்து, லரீபா புதிதாக மூன்று போத்தல் காய்ச்சியிருந்தாள். பத்து மணி பஸ் வந்த சற்று நேரத்தில் ஒழுங்கையில் பேச்சுச் சத்தம். ரெங்கம்மா முன்னால், அவள் லயத்துப் பெண்கள் இரண்டு பேர் நடுவில், கடைசியாக நல்லம்மா.

கடைக்கும் குசினிக்கும் இடையிலிருந்த திரையை விலக்கி லத்தீப் எட்டிப் பார்த்தார். “என்ன லரீபா, தோட்டமே இறங்கி வந்தீக்கி?”

“நீங்க யாவாரத்தப் பாருங்க மொதலாளி” என்றாள் ரெங்கம்மா. “இது பொம்பளைங்க பஞ்சாயத்து.”

லத்தீப் திரையை விட்டார். ஆனால் அங்கிருந்து நகரவில்லை. அவருடைய கால் திரைக்குக் கீழே தெரிந்தது.

ரெங்கம்மா போத்தலை எடுத்துக் குசினிப் படியில் வைத்தாள். உள்ளே எண்ணெய் தண்ணீராக ஆடியது.

“பாத்தீங்களா உம்மா? ஒரு கெழமையா இப்படித்தான் இருக்கு. உங்க பசறையில உறையற எண்ணெய் எங்க மலையில உறையலன்னா அது என்னா எண்ணெய்? மேல என்னா குளிருன்னு தெரியுமா? காலையில பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறவளுக்குப் பல்லு அடிச்சுக்குது. வாளித் தண்ணியில கை வைக்க முடியல. இது மட்டும் கொழகொழன்னு ஆடிக்கிட்டு நிக்கிது.”

“நான் குடுக்கக்குள்ள உறைஞ்சிதானே இருந்திச்சு. நீங்களே கவுத்துப் பாத்தீங்க.”

“பாத்தேன். அதான் எனக்கும் வெளங்கல. என்னத்தையோ கலந்து, உறையற மாதிரி ஏதோ மருந்து போட்டிருக்கீங்க.”

கூட வந்தவர்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். “மருந்து போட்டா உறைய வைப்பாங்க? நீ வேற அக்கா.”

“சிரி. ஒனக்கென்னா, ஒன் புள்ள கல்யாணத்துக்கு நிக்குது. பச்ச மண்ணு மேல தடவுறது நான்.” ரெங்கம்மா நல்லம்மா பக்கம் திரும்பினாள். “எடுடி ஒன் போத்தல.”

நல்லம்மா மடியை அவிழ்த்து, பல மடிப்புத் துணியில் சுற்றியிருந்த போத்தலை எடுத்தாள். கழுத்தில் நூல் அப்படியே இருந்தது. முக்கால்வாசி எண்ணெய், வெள்ளைவெளேரென்று இறுகி நின்றது. அவள் அதைக் கவிழ்த்துக் காட்டினாள். அசையவில்லை.

“பாத்துக்கங்க. ஒரே நாளு, ஒரே அடுப்பு, ஒரே உம்மா. இவ எண்ணெய் கல்லு. என் எண்ணெய் தண்ணி. கங்காணி பொண்டாட்டின்னா எளக்காரமா?”

லரீபா இரண்டு போத்தல்களையும் பார்த்தாள். படியில் ஆடுகிற எண்ணெய் பதினெட்டுக் காயிலும் நல்ல பாலெல்லாம் சேர்ந்த எண்ணெய். அதைப் பற்றி அவள் எந்த நெருப்பிலும் கை வைத்துச் சத்தியம் செய்வாள். கல்லாக நிற்பதைப் பற்றிச் செய்ய முடியாது. உண்மை இருந்த இடத்தில் அவளுக்குச் சாட்சி இல்லை. பொய் இருந்த இடத்தில் சாட்சி வெள்ளையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

“உம்மா எண்ணெயில எனக்கு ஒரு கொறையும் இல்ல” என்றாள் நல்லம்மா. “புள்ள ஒடம்பு நல்லாத்தான் இருக்கு.”

“ஒன்னைய யாருடி கேட்டா? குடு, மோந்து பாக்கறேன். ரெண்டுத்துக்கும் வாசம் ஒண்ணா இருக்கான்னு பாப்போம்.”

ரெங்கம்மா கையை நீட்டினாள். இந்த வெயிலில் மூடியைத் திறந்து இரண்டு முறை ஊதினால் போதும். புகையில் உலர்த்திய கொப்பராவின் வாசத்தை மறைக்க ஒரு பிடிக் கசடுக்குச் சக்தி கிடையாது.

நல்லம்மா போத்தலை இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். அவள் கட்டைவிரல் மூடியின் மேல் இருந்தது.

“பச்சப் புள்ளைக்குன்னு வச்ச எண்ணெயில ஊரு மூக்கையெல்லாம் வைக்கக் கூடாது அக்கா. நீங்க அறியாததா? ரெண்டத் தின்னுட்டு நிக்கிறவ நான்.”

ரெங்கம்மா கையை மடக்கிக்கொண்டாள். அந்த இடைவெளியில்தான் லரீபாவுக்குக் கேட்கத் தோன்றியது.

“ரெங்கம்மா, இத எங்க வச்சிருந்தீங்க?”

“எங்க வைப்பாங்க? புள்ள பெத்தவ எங்க படுத்திருக்காளோ அங்கதான். அடுப்பங்கரையில. அடுப்புக்கு மேல பலகை இருக்குல்ல, புள்ள துணியெல்லாம் காயப் போடுவோம், அதுல. எடுத்தா வெதுவெதுன்னு இருக்கும், தடவ நல்லாருக்கும்.”

“அடுப்பு எரியுமா?”

“இது என்னா கேள்வி? புள்ள பெத்தவ வீட்டுல அடுப்ப அணைப்பாங்களா? நாப்பது நாளைக்கு ராவும் பகலும் எரியும். கங்காணி வெறகுக்குத் தனியா ஆள் வச்சிருக்காரு.”

கூட வந்த இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெங்கம்மாவுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை.

லரீபா வாளியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். மேட்டிலிருந்து மூங்கில் குழாய் வழியாக விழுகிற பீலித் தண்ணீர். கை வைத்தால் எலும்பு வரைக்கும் போகும். வாளி நிறையப் பிடித்து வந்து படியில் வைத்து, ரெங்கம்மாவின் போத்தலைக் கழுத்து வரை அமிழ்த்தினாள்.

“இருங்க. தேத்தண்ணி ஊத்துறன். குடிச்சி முடியக்குள்ள பாப்போம்.”

“உறையலன்னா?”

“உறையாட்டி நான் இனிமே காய்ச்ச மாட்டன்.”

திரைக்குக் கீழே அந்தக் கால் ஒருமுறை அசைந்தது.

சீனி இல்லை. கருப்பட்டித் துண்டை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுத்து வெறுந்தேத்தண்ணி ஊற்றினாள். பெண்கள் படியிலும் விறகுக் கட்டையிலும் குந்தினார்கள். பேச்சு எண்ணெயை விட்டுப் பிரிந்து, கிழங்குக்குப் போய், கருவாட்டுக்குப் போய், ரெங்கம்மாவின் புருஷனிடம் வந்து நின்றது.

“இவ முந்தி மொதத் தடவை எண்ணெய் வாங்க வந்தப்ப கங்காணியோட சாராயப் போத்தலக் கொண்டாந்தா” என்றாள் ஒருத்தி. “உம்மா தொடவே மாட்டேன்னுட்டாங்க.”

“சாம்பப் போட்டு மூணு தரம் கழுவினேன்டி.”

“கங்காணிய அப்படிக் கழுவியிருந்தா நல்லாருக்கும்.”

ரெங்கம்மாவே சிரித்துவிட்டாள். லரீபாவும் சிரித்தாள், ஆனால் கண் வாளியை விட்டு நகரவில்லை. இந்த எண்ணெய் உறையும் என்பது அவளுக்குச் சூரியன் உதிப்பதைப் போல நிச்சயம். இருந்தும் ஒரு பயம். பிழை செய்தவளுக்கு நியாயம் இறங்கி வருவதைப் பார்க்கிறபோது வருகிற பயம் அது, ஒருவேளை. அவள் நல்லம்மாவைப் பார்த்தாள். நல்லம்மா கருப்பட்டியைக் கடிக்காமல் முடிந்து வைத்துக்கொண்டு, தேத்தண்ணியை ஒற்றைக் கையால் குடித்துக்கொண்டிருந்தாள். மற்றக் கை போத்தலின் மூடியிலேயே இருந்தது.

வாளித் தண்ணீரை இரண்டாவது முறை மாற்றியபோது போத்தலின் அடியில் பால் கரைத்தது போல ஒரு வெள்ளை தெரிந்தது. அது ஓரமாக ஏறியது. கண்ணாடியோடு ஒட்டி நடந்து, பிறகு நடுவுக்கு வந்தது. இன்னும் சிறிது நேரத்தில் லரீபா போத்தலைத் தூக்கி, தண்ணீர் சொட்டச் சொட்டக் கவிழ்த்தாள். நடுவில் கொஞ்சம் கூழாக நெளிந்தது. மற்றதெல்லாம் கல்.

“அப்ப என் அடுப்புத்தான் குத்தவாளியா?” என்றாள் ரெங்கம்மா.

“அடுப்பு என்னாக்கா செய்யும்?” என்றாள் நல்லம்மா. “கொண்டுபோய் அது தலையில வச்ச மகராசியச் சொல்லணும்.”

ஒழுங்கை முழுக்கச் சிரிப்புக் கேட்டது. லத்தீப் திரையை முழுதாக விலக்கி, “நான்தான் சொல்றேனே, இவ எண்ணெயில பிழை பிடிக்க ஏலாது” என்றார். அவர் வாயிலிருந்து அந்த மாதிரி ஒரு சொல்லை லரீபா இதுவரை கேட்டதில்லை. கேட்க ஆசைப்பட்டிருந்தாள். இப்போது கேட்டபோது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ரெங்கம்மா போத்தலைத் துடைத்து எடுத்துக்கொண்டாள். மன்னிப்பு என்று எதையும் கேட்கவில்லை. “அடுத்த மாசத்துக்கும் ஒரு போத்தல் எனக்கு எடுத்து வைங்க. மறந்துறாதீங்க” என்றாள். அதுதான் அவளுடைய மன்னிப்பு. மற்ற இருவரும் ஆளுக்கொரு போத்தல் சொல்லி வைத்தார்கள். கருவாடு வாங்க மூவரும் பஜாருக்கு ஏறினார்கள்.

நல்லம்மா எழவில்லை.

“நீங்க போங்கக்கா. பஸ்சுக்கு வந்துடறேன்.”

ஒழுங்கையில் அவர்கள் குரல் தேயும்வரை லரீபா கோப்பைகளைக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். சொல்லிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. இவ்வளவு சரியாக முடிந்த ஒன்றைக் கலைப்பானேன் என்று இன்னொரு நினைப்பும் வந்தது. இரண்டும் தள்ளுப்பட்டுக்கொண்டிருந்தபோது நல்லம்மா கட்டைவிரலை எடுத்து, மூடியைத் திறந்து, போத்தலைப் படியில் வைத்தாள். வெயில் பட்டு மேலாக இளகியிருந்தது. வாசம் நடந்து வந்தது. புகைபோட்ட கொப்பரா.

“அன்னைக்கு மடியில கட்டிக்கிட்டு மலை ஏறினேன்ல” என்றாள் நல்லம்மா. “ஒடம்புச் சூட்டுக்கு உருகிக் கொஞ்சம் கசிஞ்சிருச்சு. பாதி மலையிலேயே வாசம் தெரிஞ்சிருச்சு.”

லரீபா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“தேங்கா லொறி வரலன்னு எனக்குந் தெரியும் உம்மா. பஸ்சே வளைஞ்சு வளைஞ்சு நின்னு நின்னுதான் வந்திச்சு.”

“பிள்ளைக்குத் தடவினியா?”

“தடவாம? கொப்பரை எண்ணெயில என்னா வெசமா இருக்கு? எங்க ஒடம்பெல்லாம் அதுல வளந்ததுதான். அதுல ஒண்ணுமில்ல.” அவள் மூடியை எடுத்துப் போத்தலை மூடினாள். “ஆனா நான் கேட்டது அது இல்லையே.”

“அவங்களுக்கு முன்னால ஏன் சொல்லல்ல?”

“சொன்னா ரெங்கம்மாக்கா லயத்துக்கு லயம் தப்படிச்சிருவா. அப்புறம் நீங்க காய்ச்ச மாட்டீங்க. அடுத்து எனக்கு வேணும்னா நான் யாருகிட்டப் போயி நிக்கிறது?”

அதில் பெரிய மனசு என்று எதுவும் இருந்ததாக அவள் குரல் காட்டவில்லை. கொழுந்துக் கூடை எடை போடுகிறபோது பேசுகிற குரல்தான்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னுதான் ஒக்காந்தேன்” என்றாள். “ரெண்டு போத்தல் இருந்துச்சில்ல. இத ஏன் எனக்குக் குடுத்தீங்க?”

லரீபா பின்வளவைப் பார்த்தாள். பீலித் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. இந்தக் கேள்விக்கு எத்தனையோ பொய்கள் இருந்தன. நூல் மாறிவிட்டது, நீ பிந்தி வந்தாய், கை தவறிவிட்டது. எல்லாம் நம்பத்தக்க பொய்கள்.

“நீ கவுத்துப் பாக்க மாட்டாய் எண்டு தெரியும்” என்றாள்.

நல்லம்மா தலையை ஆட்டினாள். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள் போல.

லரீபா உள்ளே போய்ப் புதிதாகக் காய்ச்சிய போத்தலில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். “இது வச்சிக்கொள். காசு தேவல்ல.”

“முழுசா எதுக்கு? அதுல பாதி நல்ல எண்ணெய்தான? நீங்க எனக்குப் பாதிதான் தரணும்.” நல்லம்மா மடியிலிருந்து சிறிய வெறும் போத்தல் ஒன்றை எடுத்தாள். கழுவிக் காயவைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தாள். “அன்னைக்கும் அரைப் போத்தல் இருக்குன்னு சொல்லியிருந்தா அரைப் போத்தல வாங்கிட்டுப் போயிருப்பேன் உம்மா. அரைப் போத்தலும் உறையும்.”

லரீபா எண்ணெயை அடுப்போரத்தில் வைத்து இளக்கினாள். புனலை வைத்து, சிறிய போத்தலில் கழுத்து வரை ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. மூடியை இறுக்கி, ஓரத்தைத் துணியால் துடைத்துக் கொடுத்தாள்.

நல்லம்மா வாங்கினாள். வழக்கம்போல மடியை விரித்தாள். பிறகு ஏதோ நினைத்தவளாக மடியை விட்டுவிட்டு மூடியைத் திறந்தாள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, விரலால் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோனாள். அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை, பிறகு இன்னொருமுறை.

அவள் மோந்து முடிக்கும்வரை லரீபா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.